எலும்பு பாஸ், ஆள் ஃபெயில்

எங்கள் வீட்டு பாத்ரூம் தரை போன மாதம் இரண்டு இடத்தில் பெயர்ந்துகொண்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் அதைப் போட்டுக்கொடுத்த டைல்ஸ் மேஸ்திரிக்கே போன் செய்தேன். நம்பர் மாறவில்லை, குரலும் மாறவில்லை. பதில்தான் வேறு.

"பையனை அனுப்பறேன் சார். நான் இப்ப ஒட்டற வேலைக்குப் போறதில்லீங்க. கால் மடங்க மாட்டேங்குது."

பையனோடு அவரும் வந்தார். நடையில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. மாடிப்படிகூட ஏறினார். ஆனால் குத்தவைத்து உட்கார்ந்து ரசமட்டம் பார்க்கவேண்டிய இடத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

காபி குடிக்கும்போது கதை வெளியே வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ராத்திரி பைக்கில் வந்தவரை ஒரு லாரி ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. வலது காலில் தொடை எலும்பும் முறிவு, அதே காலில் முட்டிக்குக் கீழே இருக்கிற எலும்பும் முறிவு. மேலே ஒரு ராடு, கீழே ஒரு ராடு.

"ஆபரேஷன் நல்லாத்தான் செஞ்சாங்க, குறை சொல்ல மாட்டேன் சார். ஒரு வருஷம் கழிச்சு ஒரு சின்ன டாக்டரு, படிக்கிற புள்ளை, ஏதோ ஆராய்ச்சின்னு கூப்பிட்டு காலை மடக்கச் சொல்லி அளந்து பார்த்தாரு. 'வேலைக்குப் போறீங்களாண்ணே'ன்னாரு. 'போறேன் தம்பி'ன்னேன். எழுதிக்கிட்டு, 'சூப்பர், நீங்க குட் குரூப்'னு கை குடுத்தாரு."

வேலைக்குப் போகிறார், உண்மைதான். சைட்டுக்குப் போய் பையன்களை மேய்க்கிறார். கூலி பாதி. அது யாரும் கேட்காததால் யாரும் எழுதவில்லை.

இந்த 'குட்' என்கிற வார்த்தை என்னை ரெண்டு நாள் தூங்கவிடவில்லை. எந்த ஊர் குட், யார் கொடுத்த குட் என்று தேடிக்கொண்டு போனேன். சினிமா, நாவல் எல்லாம் விமரிசிக்கிறோம். இந்த வாரம் ஒரு மார்க் ஷீட்டை விமரிசிக்கலாம் என்று உத்தேசம். கொஞ்சம் எலும்பு, ரத்தம் எல்லாம் வரும். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

* * *

ஒரே காலில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேர்ந்து முறிந்தால் ஆங்கில டாக்டர்கள் அதை 'ஃப்ளோட்டிங் நீ' என்கிறார்கள். மிதக்கும் முழங்கால். 1975ல் பிளேக், மெக்பிரைட் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. மேலேயும் பிடிப்பில்லை, கீழேயும் பிடிப்பில்லை, நடுவே முட்டி மட்டும் தண்ணீரில் விட்ட தேங்காய் மாதிரி. பெயர் வைத்தவருக்குக் கவிதை மனசு. அனுபவிப்பவருக்கு அப்படித் தோன்றாது.

தொடை எலும்பு நம் உடம்பிலேயே நீளமானது, பலமானது. சும்மா வழுக்கி விழுந்து வாலிப வயசில் அது உடையாது. அது உடைய ஒரு லாரியோ, காரோ, மூன்றாவது மாடியோ தேவை. அது உடைந்து கூடவே கீழ் எலும்பும் போயிருந்தால், அடி காலோடு நின்றிருக்காது என்று அர்த்தம். தலை, நெஞ்சு, வயிறு எல்லாவற்றையும் பார்த்தாகவேண்டும். தோல் கிழியாமல் தொடை மட்டும் உடைந்தாலே உள்ளுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசியலாம். நம்மிடம் இருப்பதே மொத்தம் ஐந்து லிட்டர் சொச்சம். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் ஆள் வெளிறிப் போவது இதனால்தான்.

அப்புறம் கொழுப்பு. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையின் கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும். கால் உடைந்தவர் மூச்சு விட முடியாமல் போவது இப்படி. முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் நசுங்கினால் பாதம் சில்லிட்டுவிடும். ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் காலே போகலாம்.

இத்தனையும் 'ரெண்டு எலும்பு போச்சு' என்ற சின்ன வாக்கியத்துக்குள் இருக்கிறது. இந்தியாவில் 2022ம் வருஷம் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே டூ-வீலர்காரர்கள். காயம் பட்டவர்கள் 4,43,366 பேர். இறந்தவர்களைப் பற்றி மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும். காயம் பட்டவர்களுக்கு அதுவும் கிடையாது. அவர்கள் சைட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார்கள்.

* * *

குறை சொல்வதற்கு முன்னால் கொண்டாடவேண்டியதைக் கொண்டாடிவிடலாம். எலும்பு டாக்டர்கள் கடந்த நூறு வருஷத்தில் செய்திருப்பது சாதாரண காரியமில்லை.

நாம் கட்டுப் போடுகிறவர்களைத் தேடி ஆந்திராவின் புத்தூருக்குப் போகிறோமே, இங்கிலாந்திலும் அப்படி இருந்தார்கள். லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் என்ற டாக்டர் எலும்பு கட்டுகிற பரம்பரையில் வந்தவர். அவர் கண்டுபிடித்த வளையம் வைத்த இரும்புச் சட்டத்தைத்தான் முதல் உலக யுத்தத்தில் குண்டடிபட்ட தொடைகளுக்கு மாட்டினார்கள். அதற்கு முன் பாதிக்கும் மேற்பட்டவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1917ல் அர்ராஸ் சண்டையில் அது நூற்றுக்குப் பதினாறாகக் குறைந்தது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. ஆடாமல் பிடித்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது ஜெர்மனி. கீல் நகரத்தில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939ல் தொடை எலும்பின் நடுக்குழலுக்குள் நீளமான ஒரு எஃகு ஆணியைச் சொருகினார். சக டாக்டர்களில் பலர் நம்பவில்லை. மஜ்ஜைக்குள் இரும்பா என்றார்கள். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய கைதிகளின் எக்ஸ்-ரேயில் தொடைக்குள் நீளமாக ஒரு கம்பி தெரிந்தபோது அமெரிக்க டாக்டர்கள் திகைத்துப் போனார்கள். எடை கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கவேண்டிய ஆசாமிகள் சில வாரங்களில் நடந்திருக்கிறார்கள். இன்றைக்கு மேஸ்திரியின் காலில் இருக்கும் ராடு இந்த ஆணியின் பேரன்.

இரண்டு எலும்பும் போனால் இப்போதைய வழக்கம் பெரும்பாலும் இதுதான். முதலில் தொடை, அப்புறம் கீழ்க்கால். ரத்தமும் நுரையீரலும் தொடையோடு சம்பந்தப்பட்டவை என்பதால் அதற்கு முன்னுரிமை. நடுவில் பேஷன்ட் நிலைமை மோசமானால் கீழ்க்காலுக்குத் தற்காலிகமாக வெளிச்சட்டம் மாட்டிவிட்டு ஐ.சி.யூ.வுக்கு அனுப்பிவிடலாம். இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. முட்டியில் ஒரே ஒரு சின்னக் கீறல் போட்டு, அதே ஜன்னல் வழியாக ஒரு ராடை மேல்நோக்கித் தொடைக்கும் இன்னொன்றைக் கீழ்நோக்கிக் கால் எலும்புக்கும் செலுத்துகிறார்கள். ஒரே வாசலில் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் வழி.

எப்போது செய்வது? 1989ல் அமெரிக்காவில் லாரன்ஸ் போன் (ஆமாம், பெயரே எலும்பு) மற்றும் குழுவினர் தொடை உடைந்த 178 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் மறுபாதிக்கு 48 மணி நேரம் கழித்தும் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். பல இடங்களில் அடிபட்டவர்களில், சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்கு நுரையீரல் தொல்லை குறைவாக இருந்தது. பிற்பாடு, ரொம்ப மோசமாக இருப்பவர்களுக்கு முதல் நாளே பெரிய ஆபரேஷன் ஆகாது, வெளிச்சட்டம் போட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டு நிதானமாக ராடு போடலாம் என்று திருத்தினார்கள். தப்பைத் திருத்திக்கொள்கிற தொழில். மரியாதை செய்யவேண்டும்.

* * *

இப்போது மார்க் ஷீட்.

1978ல் ஃப்ரேசர், ஹன்டர், வாடெல் என்ற மூன்று டாக்டர்கள் இந்த இரட்டை முறிவைப் பற்றி எழுதிய கட்டுரை ஒரு கிளாசிக். முறிவு முட்டிக்குள் போகாமல் இரண்டு எலும்பின் தண்டிலும் இருந்தால் முதல் ரகம், முட்டி மூட்டுக்குள் புகுந்துவிட்டால் இரண்டாம் ரகம் என்று அவர்கள் பிரித்ததைத்தான் இன்றைக்கும் உலகம் பூரா பயன்படுத்துகிறார்கள். 222 கேஸ்கள். எப்படி வைத்தியம் செய்தாலும் நூற்றுக்கு 35 பேருக்குப் பின்னால் மறுபடி ஒரு ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆபரேஷன் இல்லாமல் கட்டுப்போட்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு எலும்பு ஒட்டவில்லை, அல்லது தாமதமாக ஒட்டியது. இரண்டு எலும்புக்கும் ஆபரேஷன் செய்தவர்களில் அதே அளவு பேருக்கு எலும்பில் சீழ். இப்படி இரண்டு பக்கமும் அடி விழுகிற உண்மையை மறைக்காமல் எழுதியிருக்கிறார்களே, அதற்காகவே படிக்கலாம்.

ஆனால் ஒரு விவரத்தைக் கவனியுங்கள். 222 பேரில், பிழைப்புக்குத் திரும்பினார்களா, எப்படி நடக்கிறார்கள் என்று விவரமாகப் பரிசோதித்தது 63 பேரை. மீதிப் பேரின் எலும்பு கட்டுரைக்குள் வந்துவிட்டது. ஆள் வரவில்லை.

அதற்கு முந்தின வருஷம், 1977ல், ஸ்வீடனின் கார்ல்ஸ்ட்ரோம், ஓலெருட் இருவரும் ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். பிரமாதம், நன்று, பரவாயில்லை, மோசம் என்று நாலு கிளாஸ். வலி, நடை, வேலை, விளையாட்டு, எலும்பின் கோணல், காலின் நீளம், மூட்டு மடங்கும் அளவு என்று ஏழு பாடங்கள். யோசித்துச் செய்த நல்ல அளவுகோல். ஸ்வீடன்காரருக்கு. நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் கட்டுரைகளிலும் அநேகமாக இதே அளவுகோல்தான்.

முட்டி மடங்குவதில் 20 டிகிரிக்குள் குறைந்தால் அதில் 'நன்று'. 40 வரை குறைந்தால் 'பரவாயில்லை'.

நாற்காலியில் உட்கார, மாடி ஏற, கார் ஓட்ட முட்டி நூறு நூற்றுப்பத்து டிகிரி மடங்கினால் தாராளம். நல்ல முட்டி 140 வரை மடங்கும். இருபதைக் கழித்தால் 120. ஸ்டாக்ஹோமில் டைனிங் டேபிளில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வெஸ்டர்ன் டாய்லெட்டில் பேப்பர் படித்துவிட்டு, மேஜை முன்னால் வேலை செய்கிறவருக்கு அந்த இருபது டிகிரி போனதே தெரியாது.

இங்கே அந்தக் கடைசி இருபது டிகிரியில்தான் சார் வாழ்க்கையே இருக்கிறது!

சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்திருப்பது, இந்தியன் டாய்லெட், பந்தியில் உட்காருவது, அம்மிக்கல், அரிவாள்மணை, தொழுகை. நாற்று நடுகிறவர், பூ கட்டுகிறவர், மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், செருப்பு தைக்கிறவர், டைல்ஸ் ஒட்டுகிறவர், இவர்கள் எல்லோருடைய ஆபீஸும் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு இறங்க முடியாவிட்டால் ஆபீஸுக்கு லீவு, நிரந்தர லீவு.

'வேலை' என்று ஒரு பாடம் அந்த அளவுகோலிலேயே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் 'வேலைக்குப் போறீங்களாண்ணே' என்று கேட்டால் நம்மாள் 'போறேன் தம்பி' என்பார். எதிரில் வெள்ளைக் கோட்டு. நன்றியுணர்ச்சி வேறு. 'உட்கார்ந்து ஒட்ட முடியுதா, கூலி எவ்வளவு குறைஞ்சது' என்று கேட்டால்தான் விஷயம் வரும். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கடைசியில் 'பிரமாதம்', 'நன்று' இரண்டையும் கூட்டி வெற்றி விகிதம் என்று சதவிகிதம் போடுகிறார்கள். அந்தக் கூட்டலில் என் மேஸ்திரி வெற்றிப் பக்கம் சேர்ந்துவிடுகிறார். அவர் தோற்றுப்போனது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொரு புகாரும் உண்டு. இந்த விஷயத்தில் நான் தேடிப் பார்த்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே ஆஸ்பத்திரியின் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி முப்பது பேர், நாற்பது பேர் என்று எழுதினவை. அந்த ராடா இந்த ராடா, ப்ளேட்டா ராடா என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்த்து, முடிவைத் தரையில் உட்காரும் ஆளை வைத்து அளந்த ஆராய்ச்சி என் கண்ணில் படவில்லை. காரணம் புரிகிறது. இந்த மாதிரி கேஸ் அபூர்வம், வருகிற ஆளும் சாகக் கிடக்கிறார், சீட்டுக் குலுக்க நேரமில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து 'உக்காந்து காட்டுங்க' என்று சொல்ல நேரமிருக்குமே?

* * *

நம்மால் சொந்தமாக அளவுகோல் செய்ய முடியாதா என்றால், செய்திருக்கிறோம். கோயமுத்தூர் கங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜசேகரனும் குழுவினரும் 2006ல் ஒரு ஸ்கோர் வெளியிட்டார்கள். தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்த கீழ்க்காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடவேண்டுமா என்று முடிவு செய்வதற்கு. தோலுக்கு ஒரு மார்க், எலும்புக்கு ஒரு மார்க், தசைக்கு ஒரு மார்க், ஆளின் பொது நிலைமைக்கு ஒரு மார்க். மொத்தம் 14க்குள் என்றால் காப்பாற்ற முயற்சி செய். 17ஓ அதற்கு மேலோ என்றால் எடுப்பதைப் பற்றி யோசி. நடுவில் இருந்தால் அனுபவசாலியைக் கேள். நம்ம ஊர் ரோட்டில் அடிபட்டவர்களைப் பார்த்துச் செய்த கணக்கு இது, உலகப் பத்திரிகையில் வந்தது. காலைக் காப்பாற்ற அளவுகோல் செய்தவர்களுக்கு, காப்பாற்றிய கால் தரையில் மடங்குகிறதா என்று பார்க்க ஒன்று செய்வது கஷ்டமா என்ன?

டாக்டர்களைவிட இந்த விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள் யார் தெரியுமா? ஜட்ஜுகள். 2010ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட், உடம்பின் ஊனம் இத்தனை சதவிகிதம் என்பது வேறு, அதனால் சம்பாத்தியம் போனது இத்தனை சதவிகிதம் என்பது வேறு என்று பிரித்துச் சொன்னது. ஒரு கை போனால் அரசாங்க குமாஸ்தா அதே வேலையில் நீடிக்கலாம். தச்சருக்கோ டிரைவருக்கோ அது அநேகமாக நூறு சதவிகித நஷ்டம். விபத்து நஷ்டஈடு வழக்குகளில் இந்தத் தீர்ப்பை இன்றைக்கும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். கோர்ட் கேட்கிற கேள்வியை ஆஸ்பத்திரி கேட்கக்கூடாதா?

அதற்குள் நீங்கள் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் இது வரவேண்டாம். வந்தால், ஆபரேஷன் முடிந்து டாக்டர் எக்ஸ்-ரேயைத் தூக்கிப் பிடித்து 'அருமையா உக்காந்திருக்கு' என்று சொல்லும்போது, சந்தோஷப்பட்டுவிட்டு மூன்று கேள்வி. எலும்பை நிறுத்திய பிறகு முட்டியின் ஜவ்வுகளைச் சோதித்தீர்களா? இந்த மாதிரி கேஸில் ஜவ்வு கிழிந்திருப்பது பலமுறை முதலில் தப்பிப்போகிறது. முட்டியை எந்தத் தேதியிலிருந்து மடக்க ஆரம்பிக்கலாம்? ராடு போடுவதன் பெரிய லாபமே சீக்கிரம் மடக்கலாம் என்பதுதான். வலிக்குது என்று பிசியோதெரபியை ஒத்திப்போட்டால் தொடைத் தசை எலும்போடு ஒட்டிக்கொண்டு, அப்புறம் அழுதாலும் வராது. மூன்றாவது, 'டாக்டர், இவர் தரையில் உட்கார்ந்து பிழைக்கிற ஆள், அதற்கு எவ்வளவு மடங்கவேண்டும், எப்போது மடங்கும்?' பதில் உடனே வராமல் போகலாம். பரவாயில்லை. ஆளின் தொழில் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும்.

மேஸ்திரிக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. பஸ் செலவுக்கும் ஒருநாள் கூலிக்கும் பயந்து மூன்றாவது வாரத்திலேயே பிசியோதெரபியை விட்டுவிட்டாராம். "நடக்க வந்திருச்சே, அது போதும்னு நினைச்சேன் சார்."

வேலை மத்தியானம் முடிந்தது. பையன் ஒட்டிய டைல்ஸ் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் பிரமாதம் என்றேன். மேஸ்திரி தலையாட்டவில்லை. முன்னெல்லாம் உட்கார்ந்து விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பவர், இப்போது நின்றபடியே இடது குதிகாலால் தட்டிக்கொண்டு வந்தார். மூலையில் ஒரு இடத்தில் சத்தம் மாறியது.

"இங்க பொக்கு இருக்குடா. எடுத்துட்டுத் திரும்ப ஒட்டு" என்றார். என்னைப் பார்த்து, "மேல பார்த்தா நல்லாத்தான் சார் இருக்கும். தட்டினாத்தான் தெரியும்."